திட்டாத டீம்மேட் வேண்டுமா? வந்துகொண்டிருக்கிறான் ஏ.ஐ கூட்டாளி!

"டேய், லெஃப்ட் பில்டிங்ல ரெண்டு பேரு!"

"எந்த லெஃப்ட்டுடா? உன் லெஃப்ட்டா, என் லெஃப்ட்டா?"

"அட போச்சு, நாக் ஆயிட்டேன். யாராவது வந்து ரிவைவ் பண்ணுங்கடா!"

பி.ஜி.எம்.ஐ-யோ, ஃப்ரீ ஃபயரோ விளையாடும் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்த வசனங்கள் அத்துப்படி. கேமே தெரியாத பாட்டிகூட, "யாரோ எங்கேயோ விழுந்துட்டாங்கபோல, போய்த் தூக்கி விடுப்பா" என்று சொல்லும் அளவுக்குப் பழகிப்போயிருக்கும்.

நான்கு பேர் கூட்டாக ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம்களில் குறி பார்த்துச் சுடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி பேச்சு. எதிரி எங்கே, எத்தனை பேர், அடுத்து எந்தப் பக்கம் போவது, யாரிடம் மருந்து இருக்கிறது... இதைச் சரியாகச் சொல்லத் தெரிந்த டீம், கையில் சுமாரான துப்பாக்கி இருந்தாலும் தாக்குப்பிடிக்கும். பேசத் தெரியாத டீம், எல்லா ஆயுதமும் இருந்தும் ஐந்தே நிமிடத்தில் லாபிக்குத் திரும்பும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பேச்சுக்கு நல்ல ஆள் கிடைப்பதில்லை. நண்பர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருப்பது அபூர்வம். முகம் தெரியாதவர்களோடு சேர்ந்தால் ஒருவர் மைக்கையே தொடமாட்டார். இன்னொருவருக்கு நம் மொழி தெரியாது. மூன்றாமவர் வாயைத் திறந்தாலே வசவுதான்.

இந்தக் காலியிடத்தில்தான் கேம் நிறுவனங்கள் ஒரு புதிய ஆளை உட்காரவைக்கப் பார்க்கின்றன. அவர் திட்டமாட்டார், கோபித்துக்கொண்டு பாதியில் வெளியேறமாட்டார், சொன்னதைக் கேட்பார். ஏனென்றால் அவர் மனிதரே இல்லை. ஏ.ஐ கூட்டாளி!

பப்ஜியில் புது நண்பன்

2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் நடந்த சி.இ.எஸ் தொழில்நுட்பக் கண்காட்சியில், தென் கொரியாவின் கிராஃப்டான் நிறுவனமும், கிராஃபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியாவும் சேர்ந்து ஓர் அறிவிப்பை வெளியிட்டன. 'பப்ஜி அலை' என்பது அதன் பெயர். 'அலை' என்பது கடல் அலை அல்ல. கூட்டாளி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்.

கிராஃப்டான் யார் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பிறகு, 2021-ல் பி.ஜி.எம்.ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கான கேமைக் கொண்டுவந்த அதே நிறுவனம். ஆனால், இந்த ஏ.ஐ நண்பன் அறிவிக்கப்பட்டது கணினியில் ஆடும் பப்ஜிக்கு. போனில் ஆடும் பி.ஜி.எம்.ஐ-க்கு அல்ல.

கேமில் கணினியே ஓட்டும் ஆட்களை 'போட்' என்பார்கள். போட் என்றாலே சுவரைப் பார்த்து நிற்கும், நடந்துகொண்டே நேராக வந்து சுடப்பட்டு விழும் என்பதுதான் ஆடுபவர்களின் அனுபவம். பப்ஜி அலை அந்த ரகம் அல்ல என்பது நிறுவனங்களின் வாதம். மைக்கில் சாதாரணமாகப் பேசினால் புரிந்துகொள்ளும். "எனக்கு ஒரு ஸ்கோப் தேடித் தா" என்றால் தேடும். வண்டி ஓட்டும். சண்டையில் துணைக்கு நிற்கும். பப்ஜி ஆடுபவர்களுக்கு மட்டுமே புரியும் பரிபாஷையும் அதற்குத் தெரியும்.

இதே பாதையில் பிரான்ஸின் யுபிசாஃப்ட் நிறுவனம் 2025 நவம்பரில் 'டீம்மேட்ஸ்' என்ற சோதனை முயற்சியைக் காட்டியது. இது விற்பனைக்கான கேம் அல்ல, ஆராய்ச்சிக்காகச் செய்யப்பட்ட ஒரு ஷூட்டர். அதில் பாப்லோ, சோஃபியா என்று இரண்டு ஏ.ஐ வீரர்கள் கூடவே வருவார்கள். "நீ அந்தத் தடுப்புக்குப் பின்னால் போ" என்று வாயால் சொன்னால் போவார்கள். ஜாஸ்பர் என்ற குரல் உதவியாளர் தனியாக உண்டு. கதையில் என்ன நடக்கிறது என்று விளக்குவது, கேமின் செட்டிங்ஸை மாற்றித் தருவது எல்லாம் அவர் வேலை.

காது, மூளை, வாய், கை

இது எப்படி வேலை செய்கிறது? நான்கு வேலைகளாகப் பிரித்துப் பார்த்தால் எளிது.

முதலில் காது. நீங்கள் மைக்கில் பேசுவதை ஒரு மென்பொருள் எழுத்தாக மாற்றுகிறது. போனில் வாய்ஸ் டைப்பிங் செய்வதைப்போலத்தான்.

அடுத்து மூளை. அந்த எழுத்தும், அந்த நொடியில் கேமில் நடப்பதும் ஒரு மொழி மாதிரிக்குப் போகின்றன. சாட்ஜிபிடி போன்றவற்றின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய மாதிரிகள் தொலைதூர சர்வர்களில் ஓடுபவை. கேமுக்கு அது தோதுப்படாது என்பதால், ஆடுபவரின் கணினிக்குள்ளேயே ஓடும் சிறிய மாதிரியைப் பப்ஜி அலைக்குப் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாவது வாய். முடிவான பதிலைக் குரலாக்கிப் பேசும் மென்பொருள் இது.

நான்காவது கை. ஓடுவது, ஒளிவது, குறி பார்ப்பது போன்ற கண நேர வேலைகளைப் பொதுவாகக் கேமின் வழக்கமான நிரலே பார்த்துக்கொள்கிறது. "என்ன செய்வது" என்று ஏ.ஐ முடிவெடுக்கும். "எப்படிச் செய்வது" என்பது நிரலின் பாடு.

இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி, தாமதம். இரண்டு பேர் நேரில் பேசும்போது ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க சராசரியாக 0.2 விநாடிதான் ஆகும் என்று பல மொழிகளை ஒப்பிட்ட ஆய்வுகள் சொல்கின்றன. "பின்னாடி பாரு!" என்று கத்திய பிறகு, கூட்டாளி இரண்டு விநாடி யோசித்துவிட்டுத் திரும்பினால், திரும்புவதற்கு ஆள் இருக்கமாட்டார்.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கல். "மச்சான், டாப் ஃப்ளோர்ல ஒருத்தன் கேம்ப் பண்ணிட்டு இருக்கான், நேட் போடு" என்ற வாக்கியத்தில் எது தமிழ், எது ஆங்கிலம், எது கேம் பாஷை? பேசுபவருக்கே தெரியாது. புரிகிறவர்களுக்கு நொடியில் புரியும். இந்தக் கலவையையும் தப்பாமல் பிடித்தால்தான், இங்கே ஏ.ஐ கூட்டாளி உண்மையில் உதவுவார்.

பழைய ஆசைதான்

கேமோடு பேச வேண்டும் என்பது புது ஆசை அல்ல. 2002-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'சோகாம்' என்ற கேமின் பெட்டியிலேயே ஒரு ஹெட்செட்டும் வந்தது. அதில் பேசி கணினி வீரர்களுக்கு உத்தரவு போடலாம். ஆனால், முன்கூட்டியே முடிவான சில கட்டளைகளை மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். வார்த்தை மாறினால் விழிப்பார்கள்.

2019-ல் வந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' நேர் எதிர்ப்பக்கம் போனது. வாயே திறக்க வேண்டாம். எதிரி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு பட்டனைத் தட்டினால் போதும். "இங்கே எதிரி", "இங்கே கவசம் கிடக்கிறது" என்று உங்கள் கதாபாத்திரமே டீமுக்குச் சொல்லிவிடும். 'பிங்' என்ற இந்த வசதி, காது கேளாதவர்களுக்கும் பேச முடியாதவர்களுக்கும் பெரிய உதவியாக இருந்தது. அதனால், அதன் காப்புரிமையை 2021-ல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று இ.ஏ நிறுவனம் திறந்துவிட்டது.

ஆக, ஒரு பக்கம் பேச்சைக் கேட்கும் இயந்திரம். இன்னொரு பக்கம் பேச்சே தேவைப்படாத பட்டன். ஏ.ஐ கூட்டாளி இரண்டுக்கும் பிறந்த பிள்ளை.

மைக்கை அணைத்து வைப்பவர்கள்

சரி, பட்டனும் இருக்கிறது, மைக்கும் இருக்கிறது. பிறகு ஏன் இயந்திர நண்பனுக்கு இத்தனை எதிர்பார்ப்பு? அதற்கான பதில் கொஞ்சம் கசப்பானது.

அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 'ஹேலோ 3' கேமில் ஒரு சோதனை செய்தார்கள். முன்பே பதிவுசெய்த, யாரையும் புண்படுத்தாத அதே வாக்கியங்களைச் சில ஆட்டங்களில் ஆண் குரலில் ஒலிக்கவிட்டார்கள். சில ஆட்டங்களில் பெண் குரலில். இன்னும் சிலவற்றில் குரலே இல்லை. 2013-ல் இதழில் அச்சான அந்த ஆய்வின் முடிவு: பெண் குரலுக்கு வந்த மோசமான வார்த்தைகள், ஆண் குரலுக்கு வந்ததைப்போல மூன்று மடங்கு. சொன்னது ஒன்றுதான். மாறியது குரல் மட்டும்.

அதே கேமின் பதிவுகளை வைத்து 2015-ல் வந்த இன்னொரு ஆய்வு, திட்டுவது யார் என்று பார்த்தது. நன்றாக ஆடும் ஆண்கள் பெண் குரலிடம் இணக்கமாகவே பேசினார்கள். சுமாராக ஆடி, தோற்றுக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம் சீறினார்கள். 'ஆட முடியாதவன் மேடை கோணல் என்றானாம்' என்ற நம் பழமொழிக்கு ஆய்வுச் சான்று கிடைத்ததுபோல!

விளைவு என்ன? நன்றாக ஆடத் தெரிந்த பெண் பிள்ளைகளே மைக்கை அணைத்துவிட்டு, பெயரையும் மாற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். திக்கிப் பேசுபவர்கள், குரல் உடையாத சிறுவர்கள், வேறு மொழிக்காரர்கள் என்று பட்டியல் நீள்கிறது. பேச்சில் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில், அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள்.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 'வேலோரன்ட்' கேமை நடத்தும் ரயட் நிறுவனம், வசவுகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குப் பயிற்சி தருவதற்காக, 2022-ல் வட அமெரிக்காவில் ஆங்கிலப் பேச்சுகளைப் பதிவுசெய்யத் தொடங்கியது. 'கால் ஆஃப் டியூட்டி' 2023-ல் 'டாக்ஸ்மாட்' என்ற ஏ.ஐ கண்காணிப்பைக் கொண்டுவந்தது. அது யாரையும் தானாகத் தண்டிக்காது. மோசமான பேச்சைப் பிடித்து நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பும். தண்டனையை நிறுவனம் முடிவுசெய்யும்.

இப்படிக் காவல்காரர் வேலை பார்த்த ஏ.ஐ-தான், இப்போது கூட ஆடும் தோழனாக வருகிறது.

நல்லது நிறையவே உண்டு

புதிதாக ஆட வருபவருக்கு இது வரம். "இந்தத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு?" என்று பத்தாவது முறை கேட்டாலும் சலிக்காது. தோற்றால் கேலி செய்யாது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை, முதலில் இதோடு பேசிப் பழகலாம். கை அசைவில் சிரமம் உள்ளவர்கள், பட்டன்களை அழுத்துவதற்குப் பதில் வாயால் சொல்லிச் சில வேலைகளைச் செய்துகொள்ளலாம். வேலைக்குப் போய்விட்டு இரவு 11 மணிக்கு ஒரே ஒரு மேட்ச் ஆட உட்காரும் அண்ணனுக்கு, நான்காவது ஆள் தேடி அலையும் வேலை மிச்சம்.

நமக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. பெயர், குரல், குணம், எவ்வளவு பேச வேண்டும், கலாய்க்க வேண்டுமா, அடக்கமாக இருக்க வேண்டுமா... எல்லாமே கதாபாத்திரத்துக்குச் சட்டை மாற்றுவதுபோல மாறக்கூடிய விஷயங்கள்தான். ஆனால், எதை எப்படி மாற்றலாம் என்பதில் எவ்வளவு வில்லங்கம் இருக்கிறது என்பதை 'ஃபோர்ட்நைட்' காட்டிக்கொடுத்தது.

2025 மே மாதம் அந்த கேமில் 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் வில்லன் டார்த் வேடரை ஏ.ஐ கூட்டாளியாக இறக்கினார்கள். அவரைத் தோற்கடித்தால் நம் டீமில் சேர்ந்துகொள்வார். நாம் பேசினால் பதில் பேசுவார். குரல், 2024-ல் மறைந்த நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுடையது. குடும்பத்தின் சம்மதத்தோடு ஏ.ஐ மூலம் உருவாக்கப்பட்டது. ஆட வந்தவர்கள் என்ன செய்தார்கள்? வேடரின் வாயைப் பிடுங்கிக் கெட்ட வார்த்தை பேசவைத்தார்கள்! வீடியோக்கள் பரவ, எபிக் கேம்ஸ் நிறுவனம் அவசரமாக அதைச் சரிசெய்தது. அடுத்த சில நாள்களில், தங்களோடு பேசாமலேயே நடிகர்களின் வேலையை ஏ.ஐ-யிடம் கொடுத்துவிட்டதாக அமெரிக்க நடிகர் சங்கம் தொழிலாளர் வாரியத்தில் புகார் கொடுத்தது.

திட்டாத நண்பன் என்றுதானே சொன்னார்கள்? மனிதர்கள் கையில் கிடைத்ததும் அவனுக்கும் திட்டக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

கூட்டாளி கேட்க வேண்டுமென்றால் மைக் திறந்திருக்க வேண்டும். கேம் ஆடும் அறையில் அப்பா பேசும் வங்கி விவரமும், அம்மாவின் போன் பேச்சும் அதே மைக்கில்தான் விழும். குரல் அந்தக் கருவிக்குள்ளேயே நிற்கிறதா, நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைவானவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

அடுத்தது, அந்தக் கூட்டாளி எதைப் பற்றியெல்லாம் பேசுவான் என்பது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2025 அக்டோபரில் ஏ.ஐ தோழமை செயலிகளுக்குத் தனிச் சட்டம் போட்டது. அதில் கேம்களுக்குள் வரும் ஏ.ஐ-க்கு விலக்கு உண்டு. ஆனால், அது கேம் தொடர்பாக மட்டுமே பேச வேண்டும். மனநலம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது, பாலியல் போன்ற விஷயங்களைப் பேசக் கூடாது. சட்டம் எந்த ஊருடையதாக இருந்தாலும், வீட்டுக்கு இது நல்ல அளவுகோல். "வலது பக்கம் எதிரி" என்று சொல்லும் வரை அவன் டீம்மேட். "உன்னை வீட்டில் யாருக்கும் புரியவில்லை, நான் இருக்கிறேன்" என்று ஆரம்பித்தால் அது வேறு கதை. அங்கே போனை வாங்கிப் பார்க்க வேண்டிய பொறுப்பு பெரியவர்களுக்கு உண்டு.

மூன்றாவது, நேரம். நண்பர்கள் தூங்கப்போனால் ஆட்டம் முடியும். தூங்கவே போகாத நண்பன் கிடைத்தால்? பி.ஜி.எம்.ஐ-யில் 18 வயதுக்குக் குறைவானவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. பிள்ளையின் கணக்கில் உண்மையான வயதைக் கொடுத்திருந்தால்தான் அது வேலை செய்யும்.

இயந்திரம் சொல்லித்தராத பாடம்

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. வசவுக்குப் பயந்து ஒரு பெண் பிள்ளை மனிதர்களை விட்டுவிட்டு ஏ.ஐ-யோடு ஆடப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு நிம்மதிதான். ஆனால், திட்டியவன் அதே டீமில், அதே மைக்கோடு, அடுத்த பிள்ளைக்காகக் காத்திருக்கிறான். தப்பு செய்தவன் இருந்த இடத்திலேயே இருக்க, அடிபட்டவள் இடம் மாறுவதைத் தீர்வு என்று எப்படிச் சொல்வது?

திட்டுபவனுக்கும் இதில் நஷ்டம்தான். டீம் என்பது நாலு பேர் நாலு விதமாக இருப்பது. சொதப்பிய நண்பனிடம் "பரவாயில்லை, அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்" என்று சொல்வது, தன் தப்புக்கு "சாரி மச்சான்" என்பது, கையில் இருக்கும் ஒரே மருந்தை இன்னொருவருக்குத் தருவது... இதெல்லாம் எதிரில் ஒரு மனம் இருந்தால்தான் பழக முடியும். எப்படிப் பேசினாலும் முகம் சுளிக்காத கூட்டாளியிடம், எப்படிப் பேசக் கூடாது என்று யாரும் கற்றுக்கொள்ளப்போவதில்லை.

ஆகவே, ஏ.ஐ கூட்டாளியை நெட் பிராக்டீஸ் பந்துவீச்சு இயந்திரம்போல வைத்துக்கொள்ளலாம். அதோடு எத்தனை பந்து வேண்டுமானாலும் ஆடிப் பழகலாம். மேட்ச் மட்டும் மனிதர்களோடு.

அதுவரை, இருக்கும் டீமையே பேசத் தகுந்ததாக மாற்றச் சில எளிய வழிகள்:

* "லெஃப்ட், ரைட்" வேண்டாம். திரையின் மேலே ஓடும் திசைகாட்டி எண்ணைச் சொல்லுங்கள். "120-ல ரெண்டு பேர், மாடியில" என்றால் நால்வருக்கும் ஒரே அர்த்தம்தான்.

* எங்கே, எத்தனை பேர், அடுத்து என்ன. மூன்றே விஷயம். நண்பன் விழுந்த பிறகு விமர்சனம் வேண்டாம், சண்டை முடியட்டும்.

* வாய்ஸ் சாட்டை 'டீம் மட்டும்' என்று வையுங்கள். யாராவது எல்லை மீறினால் பதிலுக்குத் திட்டாமல், மியூட் செய்து ரிப்போர்ட் அடியுங்கள்.

* உங்கள் டீமில் ஒருவரை இன்னொருவர் திட்டும்போது சும்மா இருக்காதீர்கள். "விடுடா, ஆடு" என்ற இரண்டு சொல் போதும். மைக்கை அணைக்கப் போன ஒரு கை அங்கேயே நின்றுவிடும்.